நன்றாகத் தின்ற மீனுக்குத்தான் நோய்: கிருஷ்ணகிரி வீட்டு மெரைன் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழில் செய்யும் ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கடல்மீன் வளர்க்கும் ஒரு மெரைன் தொட்டி இருக்கிறது. கீழே சம்ப் என்ற வடிகட்டித் தொட்டி, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், பக்கத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். தண்ணீர் 600 லிட்டருக்குக் குறையாது. உள்ளே நான்கே மீன்கள்: கோமாளி மீன் ஜோடி ஒன்று, பவுடர் புளூ டேங் ஒன்று, காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை ஒன்று. என்னைக் கூப்பிட்டது காப்பர்பேண்டுக்காக.

“வந்ததுலேர்ந்து வாயே வைக்க மாட்டேங்குது தம்பி. அந்த நீலக்கலர் பாருங்க, எதைப் போட்டாலும் தின்னுது. இதுக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னே தெரியல” என்றார் வீட்டுக்காரர்.

அவர் பெருமையாகச் சொன்ன அந்த நீல மீனால்தான் இதை எழுதுகிறேன். எதைப் போட்டாலும் தின்ற மீனுக்குத்தான் நோய் ஆழமாக இருந்தது. தின்னாத மீனின் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது, வீடே கவலைப்பட்டது. தின்ற மீனுக்கும் சிக்கல் இருக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நான் பார்க்கிற மெரைன் தொட்டிகளில், தீனியால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் போதும், அதற்கு எல்லாம் கிடைக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம்.

தண்ணீரும் தொட்டியும்

முதலில் தண்ணீரைச் சோதித்தேன். மீன் தின்னாததற்குத் தண்ணீர் காரணமாக இருந்தால் தீனியை எத்தனை மாற்றினாலும் பயனில்லை. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, பி.எச். 8.1, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவில் இருந்தது. தீனி மிஞ்சி அழுகுகிறது என்பதற்கு அது சாட்சி. உடனே உயிரை வாங்கும் அளவு இல்லை.

ஃபுளோரைடு பற்றி வீட்டுக்காரருக்குப் பெரிய பயம் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்கக் கொண்டுவந்ததுதான் என்பதால் பயம் நியாயமானது. ஆனால் கடல்நீரிலேயே இயல்பாக லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃபுளோரைடு உண்டு. குடிநீருக்கு நம் நாட்டில் அனுமதிக்கும் உச்ச அளவு 1.5. ஆகவே மெரைன் தொட்டிக்குப் போர்வெல் தண்ணீரை நான் வேண்டாம் என்பது ஃபுளோரைடுக்காக மட்டும் இல்லை. அதிலுள்ள கடினத்தன்மை, நைட்ரேட், உலோகங்கள் எல்லாம் உப்புக் கலவையின் கணக்கைக் கெடுக்கும். இவர் ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்கிறார். அந்த வகையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

தொட்டிக்குள் பவளம் கிடையாது. 2001லிருந்து பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் இருக்கவும் கூடாது. செராமிக் கற்களை அடுக்கியிருந்தார்கள். சட்டப்படி சரியான ஏற்பாடு. தீனி விஷயத்தில் இதற்கு ஒரு விளைவு உண்டு. கடலின் பாறையில் பாசி முளைக்கும், இடுக்கெல்லாம் புழுவும் பொடி இறாலும் கோபிபாடு என்ற நுண்ணிய ஓட்டுயிரியும் ஊரும். மீன் நாள் முழுக்க அதைக் கொறித்துக்கொண்டே இருக்கும். சுத்தமாகத் தேய்த்து வைத்த செராமிக் கல்லில் ஒன்றும் இல்லை. மீனுக்குத் தேவையான ஒவ்வொரு சத்தும் மனிதக் கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். கை எதை மறந்ததோ அது மீனுக்கு இல்லை.

என்ன கொடுத்துக்கொண்டிருந்தார்கள்

காலையும் இரவும் பெல்லட், அதாவது கடையில் விற்கும் உலர் உருண்டைத் தீனி. பெரிய டப்பா ஒன்று, மூடி சரியாக மூடாமல், தொட்டி விளக்கின் சூடு படும் இடத்தில் இருந்தது. திறந்து முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை. கோமாளி மீன்கள் அதைத் தின்று உருண்டையாக இருந்தன. அவை தமிழ்நாட்டுக் குஞ்சுப்பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்து கடல்மீன் ஆராய்ச்சி மையமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் வழியைக் காட்டியதால் இன்று அந்த மீன் எளிதாகக் கிடைக்கிறது. தொட்டியில் பிறந்த குஞ்சு சிறுவயதிலேயே பெல்லட் பழகிவிடும். அதைப் பார்த்துத்தான் “மெரைன் மீனுக்கு பெல்லட் போதும்” என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. கடலில் பிடித்த பவுடர் புளூவும் காப்பர்பேண்டும் அந்தப் பள்ளியில் படித்தவை அல்ல.

இரண்டாவது தீனிதான் இந்த ஊருக்கே உரியது. வீட்டுக்காரரின் மச்சான் பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறார். நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவைக் காயவைத்துப் பொடித்து ஒரு பாட்டில் நிறையக் கொடுத்திருந்தார். “புரோட்டீன் ஜாஸ்தி, கெண்டை மீனெல்லாம் இதுலதான் கொழுக்குது” என்று. அவர் சொன்னது பொய் இல்லை. உலர்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம். நன்னீர்க் கெண்டைத் தீவனத்தில் அதைச் சேர்ப்பது பழைய வழக்கம்தான். பவுடர் புளூ அதை மற்ற எல்லாவற்றையும் விட ஆசையாகத் தின்றது.

மூன்றாவது, காப்பர்பேண்டுக்காகவே வாங்கிய, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டை. பாட்டிலில் உப்புத்தண்ணீர் ஊற்றி, ஏர் விட்டு, பொரித்து ஊற்றியிருக்கிறார்கள். காப்பர்பேண்ட் சிலவற்றைக் கொத்தியது, மீதியெல்லாம் கோமாளிக்கும் ஃபில்டருக்கும் போனது. கடையில் ட்யூபிஃபெக்ஸ் புழுவும் வாங்கி வந்து, வாடை பொறுக்காமல் வீட்டுக்காரரின் அம்மா தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம். நல்ல காரியம். சாக்கடை ஓரத்தில் அள்ளும் புழுவோடு என்னென்ன வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

கடல்பாசி? ஒரு துண்டு கூட இல்லை. எப்போதாவது பசலைக்கீரை போட்டார்களாம். கீரை மிதந்து ஃபில்டரில் அடைத்ததால் அதையும் விட்டுவிட்டார்கள்.

மீன்களைப் பார்த்தது

தீனி போடாமல் வெகுநேரம் தொட்டி முன் உட்கார்ந்திருந்தேன். எந்தத் தொட்டிக்கும் இதுதான் முதல் சோதனை. தீனி போட்டால் மீன் கையைப் பார்க்கும். போடாதபோதுதான் தன் இயல்பில் இருக்கும்.

காப்பர்பேண்ட் மெலிந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள் செம்புப் பட்டைகளோடு அழகாகத்தான் தெரியும், ஏமாந்துவிடுவோம். எதிரே வந்து நேராக நம்மைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டும். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை இரண்டு பக்கமும் உள்வாங்கி, மேலே கத்திமுனை மாதிரி கூராக இருந்தால் உடம்பு தன் சதையையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்கு வயிறு உள்வாங்கியிருந்தது, முதுகு இன்னும் முழுசாக வற்றவில்லை. காலம் இருக்கிறது. இன்னொரு நல்ல அறிகுறி, கற்களின் இடுக்கில் மூக்கை நுழைத்துத் தேடிக்கொண்டே இருந்தது. தேடுவதை நிறுத்திவிட்டு மூலையில் நிற்கும் காப்பர்பேண்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

பவுடர் புளூவின் பக்கம் கண் போனபோதுதான் நாற்காலியை நகர்த்தி அருகே போனேன். நீலம் வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. கண்ணுக்கு மேலும் மூக்குப் பக்கமும் குண்டூசியால் குத்தியது போல வரிசையாகப் பள்ளங்கள். கண்ணுக்கு அருகே இரண்டு பள்ளங்கள் ஒன்றோடொன்று சேரப் போகும் நிலையில், ஓரம் வெண்மையாக உரிந்திருந்தது. உடம்பின் பக்கக்கோட்டிலும் ஒரு கீற்று தொடங்கியிருந்தது. வயிறு உப்பியிருந்தது, அதைத்தான் வீட்டில் “நல்லா கொழுத்திருக்கு” என்றார்கள். மலம் வெள்ளையாக நூல் போலத் தொங்கியது. நாள் முழுக்கப் பாசி மேய்கிற மீனுக்கு அது பச்சைக் கருப்பாக, சிறு துண்டுகளாக விழ வேண்டும்.

தலையிலும் பக்கக்கோட்டிலும் வரும் இந்த அரிப்பு நோயை ஹெச்.எல்.எல்.ஈ. என்று மெரைன் கடைகளில் சொல்வார்கள். சத்துக் குறைவு, குறிப்பாக வைட்டமின் சி, ஏ குறைவோடு இதை நெடுநாளாகத் தொடர்புபடுத்திப் பேசுகிறார்கள். பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமாக உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியில்தான் வர வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: ஃபில்டரில் போடும் கரி. 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, லிக்னைட் வகைக் கரி போட்ட தொட்டிகளில் இருந்த ஓஷன் சர்ஜன் மீன்களுக்கு இந்த அரிப்பு கடுமையாக வந்ததைக் காட்டியது. இந்த வீட்டு சம்ப்பைத் திறந்தால், கழுவாமல் போட்ட கரிப்பை ஒன்று கிடந்தது. கை பட்டதும் கருப்புத் தூள் கிளம்பியது.

ஏன் இப்படி ஆனது

பவுடர் புளூ இந்தியப் பெருங்கடல் மீன். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மாலத்தீவு, அந்தமான் கடல் வரை பவளத்திட்டுகளின் மேல்பரப்பில் கூட்டமாக மேயும். சின்ன வாய், பாறையில் ஒட்டிய பாசியைச் சுரண்ட வாகான பல், நீளமான குடல். மேய்ச்சலுக்குப் போன ஆடு போல நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே இருக்கும் உடம்பு அது. அதற்குக் காலையில் ஒரு பிடி, இரவில் ஒரு பிடி கொழுப்புத் தீனி கொடுத்தால் ஆசையாகத்தான் தின்னும். பாறையில் எப்போதாவது கிடைக்கும் கொழுத்த புழுவை எந்த மேய்ச்சல் மீனும் விடாது. ஆசை வேறு, தேவை வேறு.

கூட்டுப்புழுவின் கொழுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டு வளர்ப்பு உள்ள நம் மாவட்டங்களில் இந்த யோசனை இன்னும் பலருக்கு வரும். உலர்ந்த புழுவில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. அதில் ஒமேகா-3 நிறைய உண்டு என்று சொல்லி விற்கலாம், பொய்யாகாது. ஆனால் அது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், மல்பெரி இலை வழியாக வரும் தரைச் செடியின் ஒமேகா-3. கடல்மீனுக்கு வேண்டியது ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற நீண்ட சங்கிலிக் கொழுப்புகள். கெண்டை போன்ற நன்னீர் மீன்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதை ஓரளவு தாமே உண்டாக்கிக்கொள்ளும். பெரும்பாலான கடல்மீன்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. கடலில் நுண்பாசியிலிருந்து தொடங்கி எல்லா இரையிலும் அவை தயாராகக் கிடைப்பதால் அவற்றுக்குத் தேவைப்படவும் இல்லை. எனவே கெண்டையைக் கொழுக்க வைக்கும் அதே புழு, பவுடர் புளூவின் ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், வேண்டிய கொழுப்பைத் தராது. கூடவே அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். சிக்குப் பிடித்த எண்ணெய் தீனியிலுள்ள வைட்டமின் ஈ, சி இரண்டையும் தின்றுவிடும். விளக்குச் சூட்டில் வைத்த பெல்லட்டுக்கும் அதே கதிதான்.

காப்பர்பேண்டின் கதை நேர் எதிர். அதற்குப் பிடிவாதம் எதுவும் இல்லை. அந்தமான் கடலிலிருந்து ஜப்பானின் தென்தீவுகள், ஆஸ்திரேலியா வரை பரவிய மீன், பாறை இடுக்கில் மூக்கை விட்டுப் புழுவையும் சின்ன ஓட்டுயிரியையும் பிடுங்கித் தின்னும். நீளமான மூக்கின் முனையில் சில மில்லிமீட்டர் மட்டுமே திறக்கும் வாய். மிதந்து வரும் கடினமான உருண்டை அதன் கண்ணுக்கு இரையாகவே படாது. மேலும் அது யோசித்து, சுற்றிப் பார்த்து, ஒரு முறை கொத்தும் மீன். அது யோசித்து முடிப்பதற்குள் பவுடர் புளூ வந்து எல்லாவற்றையும் வாரிவிடும். இந்த வீட்டில் அதுதான் தினமும் நடந்தது.

காப்பர்பேண்டைத் தின்ன வைத்தது

தொட்டிக்குள்ளேயே ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு ஒன்றைக் குறுக்கே வைத்து காப்பர்பேண்டுக்குத் தனி இடம் கொடுத்தோம். தண்ணீர் ஒன்றுதான், போட்டி மட்டும் இல்லை. இதைச் செய்யாமல் எந்தத் தீனியைக் கொண்டுவந்தாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு ஆழி, அதாவது மஸ்ஸல் என்ற கடல் சிப்பி. பச்சை ஓட்டு ஆழி பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் கிடைக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து போய்வர ஒரு நாள் வேலை. ஓட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒட்டுண்ணி பயத்துக்காக ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு உருகவிட்டு ஒரு பக்க ஓட்டை நீக்கி, சதை மேலே தெரிய மணலில் பதித்தோம். இங்கே விஷயம் ருசி மட்டும் இல்லை. இடுக்கில் ஒட்டியிருப்பதைப் பிடுங்குவதுதான் அந்த மீனின் தொழில். ஓட்டில் ஒட்டிய சதை அந்தத் தொழிலுக்குப் பொருந்துகிறது.

முதல் நாள் ஆழியைச் சுற்றி வந்தது, அவ்வளவுதான். மாலையில் எடுத்துவிட்டோம், அழுகவிடக் கூடாது. அடுத்த நாள் வைத்தபோது கொஞ்ச தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி அடுத்த கண்ணால் பார்த்தது. முதுகுத் துடுப்பின் முட்கள் எழுந்தன. மெல்ல இறங்கி, சதையின் கருத்த ஓரத்தை மட்டும் நுனி வாயால் பிடித்து, உடம்பையே பின்னுக்கு இழுத்து ஒரு நூல் அளவு கிழித்தது. துப்பியது. மறுபடியும் எடுத்தது. துப்புவதைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் வாடினார். “துப்பினா நல்லதுண்ணா, வாயில போட்டுப் பாக்குது” என்றேன். மூன்றாம் முறை துப்பவில்லை. அவருடைய அம்மா பின்னாலிருந்து “தின்னுடுச்சுடா” என்று சத்தமாகச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆழி தின்கிறது, இனி ஆழியே கொடுப்போம் என்று. அப்படிச் செய்தால் பசியால் சாக இருந்த மீனைச் சத்துக் குறைவால் சாகவிடுவோம். ஆழி, மட்டி வகைகள் பலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ உடைத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த நொதி அழியாது, வேகவைத்தால்தான் அழியும். இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிய வந்ததே 1930களில் அமெரிக்க நரிப் பண்ணை ஒன்றில். வேகவைக்காத கெண்டை மீன் தின்ற வளர்ப்பு நரிகள் பக்கவாதம் வந்து செத்தன, தேடிப் போனால் பி1 குறைபாடு. சிங்கமீன் வளர்ப்பவர்கள் தினமும் கப்பி, தங்கமீன் என்று உயிருள்ள நன்னீர் மீனைப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. தங்கமீனிலும் இந்த நொதி இருக்கிறது. கொழுப்பும் பொருந்தாது.

ஆகவே ஆழியை ஏணியாக மட்டும் பயன்படுத்தினோம். ஆழிச் சதைக்குள் ஃப்ரோஸன் மைசிஸ் நாலைந்து செருகினோம். மைசிஸ் என்பது இறால் குஞ்சு போன்ற சிறு கடல் உயிரி, புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளது. ஆழியோடு சேர்த்து அதையும் பிடுங்கியது. பிறகு சதையைக் குறைத்து மைசிஸைக் கூட்டினோம். பிறகு காலி ஓட்டில் மைசிஸ் மட்டும். ஓடு அதற்குத் தட்டு ஆகிவிட்டிருந்தது, எது இருந்தாலும் வந்து பார்த்தது. கடைசியாக நீளமான பிப்பெட்டில் மைசிஸை உறிஞ்சி ஓட்டுக்கு மேலே மெதுவாக விட்டோம், விழுவதற்குள் எடுத்துக்கொண்டது. மிதக்கும் தீனியைத் தின்னப் பழகியபின் தடுப்பை எடுத்தோம்.

பூண்டுச் சாறு பற்றிக் கேட்டார். வாடையால் சில மீன்கள் ஈர்க்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டு போடுவதில் தவறில்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பூண்டு மருந்து என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆர்ட்டீமியாவைத் தூக்கிப் போடவில்லை, முறையை மாற்றினோம். பொரித்த உடனே குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும், சில மணி நேரத்தில் அது கரைந்துவிடும். மறுநாள் வரை வைத்துக் கொடுத்தால் வெறும் தோல்தான். ஆனால் பொரித்துச் சுமார் எட்டு மணி நேரத்துக்குப் பின் தோல் உரித்து அது தானே தின்னத் தொடங்கும். அப்போது நுண்பாசித் தூளோ டி.ஹெச்.ஏ. கலவையோ கொடுத்து அரை நாள் வைத்திருந்தால் அது சத்தைச் சுமக்கும் பையாகிவிடும். உயிரோடு துள்ளுவதால் காப்பர்பேண்டுக்கு அது நல்ல பக்கத்துணை.

பவுடர் புளூவின் பத்தியம்

கூட்டுப்புழுப் பாட்டிலையும் பழைய பெல்லட்டையும் அன்றே எடுத்துவிடச் சொன்னேன். மச்சானுக்கு மனவருத்தம் வரக் கூடாது என்று வீட்டுக்காரர் தயங்கினார். கோழிக்குப் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள் என்றேன்.

உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் தடவாத நோரி என்ற உலர்ந்த கடல்பாசித் தாளை உள்ளங்கை அளவு கிழித்து, கண்ணாடியில் ஒட்டும் கிளிப்பில் காலையில் மாட்டினோம். மத்தியானத்துக்குள் தீர்ந்தால் இன்னொன்று. ராமநாதபுரம் கரையில் எடுக்கும் கஞ்சிப்பாசி, வெயிலில் வெளுக்காததாகக் கிடைத்தபோது, ஊறவைத்துக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டினோம். நோரியை விட இதை நான் விரும்புகிறேன், ஏனென்றால் மீன் நின்று இழுத்து, சுரண்டி, உழைத்துத் தின்கிறது. பசலை, லெட்டூஸ் பற்றி ஒரு வரி போதும்: தண்ணீரும் நாரும் தவிர அதில் கடல்மீனுக்கு அதிகம் இல்லை.

மீனுக்குப் புரதமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வீட்டிலேயே ஒரு கலவை செய்தோம். ஓட்டோடு தலையோடு இறால் 200 கிராம், கணவாய் 100, வெள்ளைச் சதை கடல்மீன் 100, வேகவைத்த ஆழி 50, ஊறவைத்த நோரியும் கஞ்சிப்பாசியும் சேர்த்து 200, ஸ்பைருலினா பாசித் தூள் ஒரு கரண்டி. இறாலின் ஓட்டில்தான் நிறத்துக்கு வேண்டிய அஸ்டாக்சாந்தின் இருக்கிறது, உரித்துக் கொட்டுவது நஷ்டம். நம் ஊருக்கு ஐஸில் வரும் உரித்த இறால் பலமுறை பாஸ்பேட் கரைசலில் ஊறியது. அது தொட்டியில் பழுப்புப் பாசியைக் கிளப்பும், அதனாலும் முழு இறால்தான் நல்லது. எல்லாவற்றையும் அரைத்து, ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் வைட்டமின் சேர்த்துக் கலக்க வேண்டும். கொதிக்கும் ஜெலட்டினில் ஊற்றினால் வைட்டமின் சி அங்கேயே போய்விடும். சாதாரண அஸ்கார்பிக் அமிலத்தை விட, தீவனத்துக்கென்றே விற்கும் பாஸ்பேட் சேர்ந்த வைட்டமின் சி நிலைத்து நிற்கும். மெல்லிய தகடாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய அளவு உடைத்துக்கொள்ளலாம்.

கரிப்பையை எடுத்துவிட்டோம். தண்ணீர் மஞ்சளித்தால் மட்டும், நன்றாகக் கழுவிய உருளை வகைக் கரியைச் சில நாட்கள் போட்டு எடுப்பது என்று முடிவு. கரியை நிறுத்தியதும் பாசி கொடுக்கத் தொடங்கியதும் ஒரே வாரத்தில் நடந்தன. அதனால் பின்னால் வந்த முன்னேற்றத்தை எதற்கும் தனியாக எழுதிக்கொடுக்க மாட்டேன். நோயுற்ற மீனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பது எனக்கு ஏற்பில்லை.

மாம்பழ சீசன்

எல்லாம் சரியாகப் போனது, மே மாதம் வரும்வரை. கிருஷ்ணகிரியில் மே முதல் ஜூலை வரை மாங்கூழ் ஆலைக்காரர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். லாரிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். தொட்டி வேலை வாட்ச்மேன் அண்ணன் கைக்குப் போனது. அவரிடம் யாரும் ஓடு, பிப்பெட், கிளிப் பற்றிச் சொல்லவில்லை, அலமாரியில் புதிய பெல்லட் டப்பா இருந்தது. ஜூன் மாதம் போய்ப் பார்த்தபோது காப்பர்பேண்டின் வயிறு மறுபடி உள்வாங்கியிருந்தது, கோமாளிகள் மட்டும் செழிப்பாக இருந்தன. பவுடர் புளூ பரவாயில்லை, கிளிப்பில் நோரியை அம்மா தானே மாட்டிக்கொண்டிருந்தார்.

தீர்வு எளிமையாக அமைந்தது. ஐஸ் டிரேயில் ஒரு குழிக்கு ஒரு வேளை என்று மைசிஸும் கலவையும் நிரப்பி உறையவைத்தோம். நீல டிரே காலை, வெள்ளை டிரே மாலை. வாட்ச்மேன் அண்ணனைத் தொட்டி முன் உட்காரவைத்து, ஒரு கட்டியைத் தொட்டித் தண்ணீரில் உருக்கி, பிப்பெட்டில் எடுத்து ஓட்டின் மேல் விடுவதைக் காட்டினேன். காப்பர்பேண்ட் வந்து எடுத்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்புக்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “தினம் நானே போடுறேன் சார், வேற யாரும் தொட வேணாம்” என்றார். மீன் தன் கையிலிருந்து தின்பதைப் பார்த்தவர் அதைப் பட்டினி போட மாட்டார். கவலையெல்லாம் பார்க்காமல் டப்பாவைக் கவிழ்ப்பவர்களைப் பற்றித்தான்.

இப்போதைய நிலை

பவுடர் புளூவின் பள்ளங்கள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பரவுவதை நிறுத்தின. மேலோட்டமானவை அடுத்த சில மாதங்களில் மூடின. கண்ணருகே சேர இருந்த அந்த இரண்டும் தழும்பாக நின்றுவிட்டன, அவை இனி போகா. நீலம் திரும்பியிருக்கிறது. மலம் இப்போது பச்சைக் கருப்பு. வயிறு முன்பை விடச் சின்னதாகத் தெரிகிறது, அதில் வீட்டுக்காரருக்கு இன்னும் லேசான சந்தேகம் உண்டு. காப்பர்பேண்ட் ஒரு நாளைக்கு மூன்று வேளை சிறுசிறு அளவாகத் தின்கிறது, முதுகுச் சதை நிரம்பி எதிரிலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரிகிறது. பெல்லட்டை இன்னும் தொடவில்லை, தொட வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. ஆழி வாரத்துக்கு ஒரு முறை, அதோடு பி1 சொட்டு. நைட்ரேட் 20க்கு அருகே இறங்கியிருக்கிறது.

வீட்டுக்காரருக்கு இப்போது மாண்டரின் மீன் மேல் ஆசை வந்திருக்கிறது. கடையில் ஒன்றைக் காட்டி முன்பணம் கொடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாண்டரின் விழித்திருக்கும் நேரமெல்லாம் கோபிபாடைத் தேடித் தேடிக் கொத்துவது, வேளைக்கு ஒரு தடவை கொடுக்கும் தீனி அதற்குப் போதாது. இந்தத் தொட்டிக் கற்களில் கோபிபாடு இப்போதுதான் ஊரத் தொடங்கியிருக்கிறது, அதையும் காப்பர்பேண்ட் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. சம்ப்பின் ஒரு பகுதியில் விளக்குப் போட்டு கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து, கோபிபாடு பெருக இடம் கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியெல்லாம் பொடிப்பொடியாக நகர்வது தெரிய வேண்டும். அது தெரிந்தபின் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்குப் போன் செய்து அந்த மீனை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்.